'கவனமா எழுது' எண்டு சொல்லுறது பாதுகாப்பு இல்லை

2024 ஜூலை 19ஆம் திகதி உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றுபோயின. விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. இந்தியாவில் சில விமான நிலையங்களில் பேனையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. நின்றுபோன கணினிகளில் பெரும்பாலானவற்றைத் தூரத்தில் இருந்து திருத்தவும் ஏலவில்லை. யாராவது ஒருவர் ஒவ்வொரு கணினிக்கும் முன்னால் போய் நின்று, அதை சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலை அழிக்கவேண்டி இருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் வைரஸ் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள். அதன் ஒரு பகுதி 21 விபரங்கள் வரும் என்று எதிர்பார்த்தது. இன்னொரு பகுதி 20 விபரங்களைத்தான் கொடுத்தது. பல மாதமாக அந்த 21ஆவதை யாரும் உண்மையில் திறந்து பார்க்கத் தேவைப்படாததால் ஒன்றும் நடக்கவில்லை. அன்று வந்த அப்டேட் முதன்முறையாக 21ஆவதைக் கேட்டது. இல்லாத ஒன்றை எடுக்கப்போன நிரல், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படித்தது. இயங்குதளத்தின் அடிமடியில் ஓடுகிற நிரல் என்பதால், விழும்போது முழுக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

அடுத்த மாதம் அந்த நிறுவனம் காரணங்களை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் முதலாவதாகக் கிடந்த கண்டுபிடிப்பு இதுதான்: எத்தனை விபரங்கள் என்ற எண்ணிக்கை, கொம்பைல் செய்யும் நேரத்தில் சரிபார்க்கப்படவில்லை. செய்த திருத்தங்களில் ஒன்று, அந்த எண்ணிக்கையைக் கொம்பைல் நேரத்திலேயே சரிபார்ப்பது. அந்தத் திருத்தம் சம்பவம் நடந்து சில நாளுக்குள்ளேயே தயாராகிவிட்டது.

இந்த வரிசையை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். 21உம் 20உம் ஒன்றல்ல என்று கண்டுபிடிக்க அறிவாளி தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணுவதற்கென்றே மனிதர் கண்டுபிடித்த ஒரு இயந்திரத்தில், எண்ணிப் பார்க்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. விமானங்கள் நின்ற பிறகுதான் கேட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியது இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற ஒரு மனநிலையைப் பற்றியது. 'மச்சான், ஒழுங்கா கோட் எழுதத் தெரிஞ்சவனுக்கு இந்தச் செக்கிங் எல்லாம் தேவையில்லை' என்று பெருமையாகச் சொல்கிற மனநிலை. அது ஒரு பொய் என்பதும், அந்தப் பொய்யின் செலவை அதைச் சொல்கிறவர்கள் கட்டுவதில்லை என்பதும்தான் நான் சொல்லவருவது.

'உனக்கேன் இந்த வேலை, நீ ஆர்ட்ஸ்தானே?' என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒரு பதில். கொம்பைலர் என்பது ஒரு வாசகர். மனிதர் எழுதியதை வாசித்து, இயந்திரம் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது அதன் தொழில். எழுதிய நிரலின் ஒவ்வொரு வரியையும், ஒவ்வொரு முறையும், களைக்காமல் வாசிக்கிற ஒரேயொரு வாசகர் அதுதான். கூட வேலை செய்பவர் இரவு பதினொரு மணிக்கு வாசித்தால் பாதியில் கண் சொக்கும். கொம்பைலருக்குச் சொக்காது. அந்த வாசகரிடம் எதைப் பார்க்கச் சொல்லலாம், எதைப் பிழை என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி. இது இலக்கணம் பற்றிய கேள்வி. இலக்கணம் படிக்கிறவர்கள் இதற்குள் வரக்கூடாது என்று யாரும் வேலி போட ஏலாது.

உண்மையில் எங்களிடம் இதற்கான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மென்பொருளில் வரும் பிழைக்குத் தமிழில் 'வழு' என்று எழுதுகிறோம். அந்தச் சொல் தமிழ் இலக்கணத்திலிருந்து வந்தது. 'அவன் வந்தாள்' என்றால் பால் வழு. 'நேற்று வருவான்' என்றால் கால வழு. இவற்றைப் பிழை என்று சொல்ல அவன் யார், எங்கே வந்தான், ஏன் வந்தான் என்று ஒன்றும் தெரியவேண்டியதில்லை. வசனத்தைப் பார்த்தாலே போதும். கொம்பைல் நேரத்தில் பிழை பிடிப்பது என்றால் சரியாக இதுதான்: நிரலை ஓடவிடாமல், எழுதிய வசனத்தைப் பார்த்தே 'இது பொருந்தாது' என்று சொல்வது.

இனி, அடிமட்ட நிரல் என்றால் என்ன? நீங்கள் தட்டுகிற ஆப்புக்கு அடியில் இயங்குதளம் இருக்கிறது. படத்தைத் திறக்கிற, எழுத்தைத் திரையில் வரைகிற, இணையத்தோடு பேசுகிற நூலகங்கள் இருக்கின்றன. காரின் பிரேக்கிலும் மருத்துவக் கருவியிலும் ஓடுகிற சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி இன்றைக்கும் சி அல்லது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அங்கே நினைவகத்தை நிரலாளர் நேரடியாகக் கையாளுகிறார்: இவ்வளவு இடம் எடு, இந்த இடத்தில் எழுது, வேலை முடிந்தது, திருப்பிக் கொடு.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சியால் உருவானது. அன்றைய கணினிகளின் நினைவகம், இன்றைக்கு நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படத்துக்கே காணாது. அந்த இடத்துக்குள் கொம்பைலரே ஓடவேண்டும். ஆகவே அது சிறியதாக, கேள்வி கேட்காததாக இருந்தது. பிழை பார்க்கிற வேலை 'லின்ட்' என்ற தனிக் கருவிக்குப் போனது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவு. அதற்காக ரிச்சியைத் திட்டுகிறவன் வரலாறு தெரியாதவன்.

ஆனால் நிலைமை மாறியபிறகும் அந்த முடிவு ஒரு தத்துவமாகிவிட்டது. 'நிரலாளரை நம்பு' என்பது சி மொழியின் தர நிர்ணயக் குழுவே எழுதிவைத்த கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் தன்னை நம்பாதே என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நம்பிக்கை ஒரு உணர்ச்சி. அது சரிபார்ப்பு இல்லை.

இதை அப்போதே சொன்னவர்களும் இருந்தார்கள். டோனி ஹோர் 1980இல் டியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு விடயத்தை நினைவுகூர்ந்தார். 1960களில் அவருடைய குழு செய்த அல்கோல் கொம்பைலர், வரிசையின் எல்லை தாண்டி நிரல் போகிறதா என்று ஓடும்போது ஒவ்வொரு முறையும் பார்க்கும். வேகம் வேண்டுமென்றால் அந்தச் சோதனையை நிறுத்தும் வசதி தரட்டுமா என்று பிறகு வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்களாம். இந்தப் பாடத்தை 1980 வரை மொழி வடிவமைப்பாளர்கள் படிக்கவில்லை என்றும், வேறு எந்தப் பொறியியல் துறையிலும் இப்படியான அடிப்படைக் கவனத்தை விட்டால் அது சட்டவிரோதமாக இருந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். அந்த உரைக்கு இப்போது நாற்பது வருடத்துக்கு மேல். எங்கள் அப்பா அம்மா பள்ளிக்கூடம் போன காலத்துப் பேச்சு அது.

சரி, திறமையானவர்கள் பிழை விடமாட்டார்கள் என்ற கதைக்கு வருவோம்.

2014 பெப்ரவரியில் அப்பிள் அவசரமாக ஒரு அப்டேட் விட்டது. ஐபோன் பாதுகாப்பான இணைப்பு ஒன்றை ஏற்படுத்தும்போது, எதிரில் இருக்கிற சேர்வர் உண்மையானதுதானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கவேண்டும். அந்தச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. காரணம், 'கோட்டு ஃபெயில்' என்ற ஒரு வரி தவறுதலாக இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. முதலாவது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் நடக்கும். அதனால் அதற்குக் கீழே இருந்த முக்கியமான வரிகளுக்கு நிரல் ஒருநாளும் போய்ச் சேரவில்லை. கண்ணுக்கு அந்த இரண்டு வரிகளும் ஒரே மாதிரி உள்ளே தள்ளி, அழகாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மனிதக் கண் அதைத் தாண்டிப் போனதில் அதிசயம் இல்லை.

ஆனால் 'இந்த வரிகளுக்கு நிரல் ஒருபோதும் போகாது' என்று எச்சரிக்கிற வசதி அந்த நாட்களிலேயே கிளாங் கொம்பைலரில் இருந்தது. அதைத் தனியாக ஓன் பண்ணவேண்டும். 'எல்லா எச்சரிக்கையும்' என்ற பெயர் கொண்ட தெரிவுக்குள்கூட அது வராது. எல்லாம் என்று பெயர், ஆனால் எல்லாம் இல்லை! தோற்றத்தால் ஏமாற்றுகிற இப்படியான உள்தள்ளலைக் கண்டுபிடிக்கிற எச்சரிக்கை ஜிசிசி கொம்பைலரின் 6ஆம் பதிப்பில், 2016இல்தான் வந்தது. ஒரு கோடி ரூபாய் காரில் சீட் பெல்ட் இருக்கிறது, ஆனால் டிக்கிக்குள் பொதிசெய்து கிடக்கிறது, வேண்டுமென்றால் நீங்களே எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்ற மாதிரி.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளிவந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகம் இணையத்தின் பெரும்பகுதியின் பூட்டு. இரண்டு பக்கமும் 'உயிரோட இருக்கிறியா?' என்று கேட்டுக்கொள்கிற ஒரு சின்ன வசதி அதில் இருந்தது. ஒருவர் ஒரு சொல்லையும், அந்தச் சொல்லின் நீளத்தையும் அனுப்புவார். மற்றவர் அதையே திருப்பி அனுப்பவேண்டும். சொல் ஒரு எழுத்து, ஆனால் நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால்? நூலகம் அந்தப் பொய்யை நம்பி, தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த எல்லாவற்றையும், கடவுச்சொல், இரகசியச் சாவி எல்லாம் சேர்த்து, அள்ளிக் கொடுத்தது. 2012இல் உள்ளே வந்த பிழை இரண்டு வருடம் அங்கேயே குந்தி இருந்தது. நிரல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு.

இவை தனிச் சம்பவங்கள் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியென்றால் இதைப் பாருங்கள். தன் தயாரிப்புகளில் வருடாவருடம் திருத்துகிற பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைப் பிழையாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019இல் மைக்ரோசொஃப்ட் சொன்னது. குரோம் உலாவியின் கடுமையான ஓட்டைகளிலும் ஏறத்தாழ 70 சதவீதம் அப்படித்தான் என்று 2020இல் கூகிள் சொன்னது. இரண்டு வேறு நிறுவனங்கள், வேறு வேறு ஆட்கள், ஒரே எண். உலகத்திலேயே கடினமான நேர்முகத் தேர்வுகளை வைத்து ஆள் எடுக்கிற இடங்கள் இவை. அங்கே இருப்பவர்களுக்குக் கோட் எழுதத் தெரியாதா? அவர்களுக்குத் தெரியாதென்றால், 'தெரிஞ்சவன்' எங்கேதான் இருக்கிறான்? முகவரி தாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்தத் 'தெரிஞ்சவன்' இல்லவே இல்லை. இது தெளிந்தால் மற்றதெல்லாம் தெளியும். ஒரே வகைப் பிழை ஐம்பது வருடமாக, எல்லா நாட்டிலும், எல்லாத் தரத்து ஆட்களிடமும் திரும்பத் திரும்ப வந்தால் அது ஆளின் பிழை இல்லை. ஏணியில் ஒரு படி இல்லையென்றால் ஏறுகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் விழத்தான் செய்வார்கள். விழுகிறவரைப் பார்த்து 'கால் பார்த்து வை' என்று சொல்வதை நிறுத்திவிட்டு, படியைப் போடவேண்டும்.

விழுகிறவர் மட்டும் அடிபட்டால்கூடப் பரவாயில்லை. அடிமட்ட நிரலில் எழுதியவர் அடிபடுவதில்லை.

2021 செப்டெம்பரில் சிட்டிசன் லாப் என்ற ஆய்வு நிறுவனம், சவூதிச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் எப்படி நுழைந்தது என்று வெளியிட்டது. அவர் எந்த லிங்கையும் கிளிக் பண்ணவில்லை. ஒரு மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். அதில் படம் மாதிரி வேடம் போட்ட ஒரு ஃபைல். அதைத் திறக்கிற நிரலில், பல எண்களைக் கூட்டுகிற ஒரு இடத்தில் கூட்டுத்தொகை பெட்டிக்குள் அடங்காமல் சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிடும். சின்ன எண்ணுக்குச் சின்ன இடம் ஒதுக்கப்படும். பிறகு பெரிய தொகையான தரவு அந்தச் சின்ன இடத்தில் எழுதப்பட்டு, எல்லை தாண்டி வழியும். வழிந்த இடத்தில் உளவாளி தன் கட்டளைகளை வைத்தான். மனித உரிமைச் செயற்பாட்டாளர்களையும் ஊடகவியலாளர்களையும் வேவு பார்க்க அரசுகள் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இதுதான்: யாரோ ஒருவர் எங்கோ எழுதிய, கூட்டல் சரிபார்க்காத வரிகள்.

போனைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சந்தேகமான லிங்க் ஒன்றையும் தொடமாட்டேன் என்று இருந்தாலும் காப்பாற்றாது. இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு, கண்காணிக்கப்படுவது என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இது எஞ்சினியர்மாரின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுங்கி நிற்க எனக்கு ஏலாது.

சரி, என்ன செய்யலாம்? 'கவனம்' என்ற சொல்லைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. 2015 மே மாதம் ரஸ்ட் என்ற மொழியின் 1.0 பதிப்பு வந்தது. மொசில்லாவில் வேலைசெய்த கிரேடன் ஹோர் தொடங்கியது. (மேலே சொன்ன ஹோர் வேறு, இவர் வேறு.) சி மாதிரியே அடிமட்டத்தில், வேகமாக ஓடும். ஆனால் அதன் கொம்பைலர் கேள்வி கேட்கும்.

கம்பஸுக்குக் கிட்ட போர்டிங்கில் இருந்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும். நீங்கள் அறையைக் காலி செய்துவிட்டீர்கள். ஆனால் திறப்பின் ஒரு கொப்பி உங்களிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பழைய ஞாபகத்தில் நீங்கள் திறந்து உள்ளே போய், மேசையில் இருப்பதை எடுக்கிறீர்கள், உங்கள் பொருளை வைக்கிறீர்கள். அடிமட்ட நிரலில் மிகப் பொல்லாத வழுக்களில் ஒன்று இதுதான்: திருப்பிக் கொடுத்த நினைவகத்தைத் திரும்பவும் பாவிப்பது. சி மொழி அந்தத் திறப்பைப் பற்றி மூச்சு விடாது. ரஸ்ட் கொம்பைலர் நிரலை எழுதும்போதே நிறுத்தும்: 'இந்த அறை இந்த வரியோடு காலி, கீழே ஏன் அதைத் திறக்கிறாய்?' தமிழ் இலக்கணத்தில் சொன்னால், கால வழு.

இன்னொரு விதி: ஒரு தரவை எத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒருவர் அதை மாற்றத் தொடங்கினால், அவர் முடிக்கும்வரை வேறு ஒருவரும் தொடக்கூடாது. பொதுவான நோட்ஸை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்திக் குழம்பிய அனுபவம் இருப்பவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். அந்த விதியையும் ரஸ்ட் நிரல் ஓடுவதற்கு முன்பே பார்க்கிறது.

எப்போதும் இந்த விதிகளுக்குள் நிற்க முடியுமா? முடியாது. வன்பொருளோடு நேராகப் பேசும்போது விதியை மீறத்தான் வேண்டும். அதற்கு ரஸ்டில் 'அன்சேஃப்' என்று ஒரு அடைப்பு இருக்கிறது. மீறலாம், ஆனால் இந்த இடத்தில் மீறுகிறேன் என்று பெயர் போட்டு மீறவேண்டும். இதைப் பார்த்ததும் எனக்கு வழுவமைதிதான் ஞாபகம் வந்தது. பசுவைப் பார்த்து ஒருவர் 'என் அம்மா வந்தாள்' என்றால் திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னார் என்று காரணம் இருந்தால், இலக்கணம் அதை ஏற்றுக்கொண்டு வழுவமைதி என்று பெயரும் கொடுக்கிறது. நல்ல இலக்கணம் விதிவிலக்கைத் தடுப்பதில்லை. எங்கே விதிவிலக்கு என்று தெரியவேண்டும் என்கிறது. ஏதாவது உடைந்தால் எங்கே தேடுவது என்று அப்போது தெரியும். இலட்சம் வரி முழுக்கத் தேடத் தேவையில்லை.

எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'உலகத்தில் இருக்கிற சி நிரல் எல்லாவற்றையும் திருப்பி எழுத ஏலுமா?' ஏலாது, தேவையும் இல்லை. அன்ட்ரொய்ட் குழு பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதை நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாற்றிக்கொண்டு போனது. அன்ட்ரொய்டின் ஓட்டைகளில் நினைவக வழுக்களின் பங்கு 2019இல் 76 சதவீதம். 2024இல் 24 சதவீதம். ஓட்டைகள் பெரும்பாலும் புது நிரலில்தான் பிறக்கின்றன. பழைய நிரல் வருடக்கணக்காகத் திருத்தப்பட்டுத் தேறிக்கொண்டு வருகிறது. ஆகவே இன்றைக்கு எழுதுகிற வரியில் தொடங்கினால் போதும்.

'கொம்பைலர் எல்லாத்தையும் பிடிக்குமா?' இல்லை. வரிசையின் எல்லையைத் தாண்டுகிற பல இடங்களை ரஸ்டும் ஓடும்போதுதான் பார்க்கிறது. கண்டால் நிரலை நிறுத்தும், பக்கத்து நினைவகத்தைத் தொடவிடாது. சிந்தனையே பிழை என்றால் எந்த மொழியும் காப்பாற்றாது. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியன் 5 ரொக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகமுன் வெடித்தது. அதன் நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. கண்டிப்பான மொழிதான். ஆனால் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் பெட்டிக்குள் மாற்றுகிற இடத்தில் பாதுகாப்பு வைக்கப்படவில்லை. அப்படியான ஏழு மாறிகளில் நாலுக்குப் பாதுகாப்புப் போட்டு, மூன்றை 'இதெல்லாம் அவ்வளவு பெரிசாகாது' என்று விட்டிருந்தார்கள். ஏரியன் 4க்கு அது உண்மை. ஏரியன் 5 வேறு ரொக்கெட். ஒரு வெடிப்பை வைத்து 'பார்த்தீங்களா, கண்டிப்பான மொழியும் உதவாது' என்று சொல்லுகிறவர்களுக்குப் பதில்: அங்கே வெடித்தது பாதுகாப்புப் போட்ட நாலில் ஒன்றில்லை. விட்ட மூன்றில் ஒன்று.

'ரஸ்ட் படிக்கிறது கஷ்டம், கொம்பைலரோட மல்லுக்கட்ட வேணும்.' உண்மை. ஆனால் அந்தக் கஷ்டம் எங்கேயும் போகாது, இடம்தான் மாறும். கொம்பைலரோடு மல்லுக்கட்டுவது உங்கள் மேசையில், உங்கள் நேரத்தில் நடக்கும். அதைத் தவிர்த்தால் அதே கஷ்டம் விமான நிலையத்தில் பிள்ளையோடு தரையில் படுத்திருக்கிற ஒருவருக்குப் போய்ச் சேரும். உங்கள் பின்னேரம் மிச்சம், அவருடைய பயணம் நாசம். இதைத் திறமை என்று நான் சொல்லமாட்டேன். சுமையைத் தள்ளிவிடுதல் என்று சொல்வேன்.

'எங்களுக்குச் சி தான் படிப்பிக்கினம், நாங்க என்ன செய்ய?' இதுதான் எங்கள் வயதுக்காரர்களிடம் கூடுதலாகக் கேட்கிற கேள்வி. சியை விட்டு ஓடச் சொல்லவில்லை. சியிலும் 2011ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து, ஒரு நிபந்தனை பொய்யென்றால் கொம்பைல் ஆகாமலே நிறுத்துகிற வசதி இருக்கிறது. இந்த இரண்டு எண்ணிக்கையும் சமமாக இருக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினால், 20க்கும் 21க்கும் வித்தியாசம் வந்த அன்றே நிரல் பிறக்காது. எச்சரிக்கைகளை எல்லாம் ஓன் பண்ணலாம். எச்சரிக்கை வந்தால் அதையும் பிழையாகவே எடுத்து நிறுத்து என்று கொம்பைலரிடம் சொல்லலாம். இதற்குக் காசு இல்லை, புது லாப்டொப் தேவையில்லை. கட்டளையில் இரண்டு சொல் கூடுதலாகத் தட்டவேண்டும்.

கூடவே, கேள்வி கேட்கவேண்டும். அசைன்மன்ட் கொடுக்கிறவரிடம், இன்டர்ன்ஷிப் போகிற கொம்பனியில், ஒரு திறந்த மூல புரொஜெக்டுக்குப் பங்களிக்கும்போது: 'இந்த நிரல் எச்சரிக்கை இல்லாமல் கொம்பைல் ஆகுதா? ஆகாட்டி ஏன்?' மார்க்ஸ் போடும்போது விடை வந்ததா என்று மட்டும் பார்க்காமல், எச்சரிக்கை எத்தனை என்றும் பாருங்கள் என்று விரிவுரையாளரிடம் கேட்கலாம். கேட்டால் உங்களை 'பயந்தாங்கொள்ளி' என்று நக்கலடிப்பார்கள். எச்சரிக்கையை அமத்திவிட்டுப் பிறகு கடவுளை நம்புகிறவரை 'துணிச்சல்காரர்' என்பார்கள். மேசன் ஒருவர் மட்டம் வைத்துப் பார்த்தால் அவரைப் பயந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. அவரிடம்தான் வீட்டைக் கொடுக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் பெரிய பிழை ஒன்று வெளிவரும்போது, எந்த வரி, யார் எழுதினார், எந்தத் திகதி என்று தோண்டி ஒரு ஆளைக் காட்டுகிறார்கள். இணையத்தில் நாலு நாள் அந்த ஆளை வறுத்தெடுக்கிறார்கள். ஐந்தாம் நாள் அதே மொழியில், அதே அமத்திவைத்த எச்சரிக்கைகளோடு அடுத்த வரி எழுதப்படுகிறது. அடுத்த முறை அப்படி ஒரு பெயர் உங்கள் ரைம்லைனில் ஓடும்போது, பகிர்வதற்கு முன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இதைக் கொம்பைலர் பிடித்திருக்க முடியுமா? முடியுமென்றால், அதைப் பிடிக்கவேண்டாம் என்று முடிவெடுத்தவர் யார்? அந்தப் பெயரைத்தான் நாங்கள் தேடவேண்டும்.